பச்சைக்கோட்டுத் தாளும் பெரிய கிராணியின் கையெழுத்தும்

ரிப்போர்ட் அச்சடிக்கிற புரோகிராமை மாற்றிக் கொடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பழையது கெட்டுப்போனாலும் திட்டு நமக்குத்தான், புதியது நன்றாக ஓடினாலும் திட்டு நமக்குத்தான், ஆகவே யாரைத் திட்டுவது என்ற குழப்பம் வாடிக்கையாளருக்கு வரவே வராது. இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று கையெழுத்து

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு காப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் கடை. கடை என்றால் என்ன, நாலு மேசை, ஒரு காற்றாடி, நான், பிரிண்டர் பழுது பார்க்கும் குமரேசன் அண்ணன், முதலாளி. முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனர். பீடோர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து வாசலில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தவுக்கேயின் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும், திட்டும்போது இன்னும் சுத்தமாக இருக்கும்.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மாலை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டவள். மூன்று தோட்டங்களுக்கு நாங்கள் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருந்தோம். யார் எவ்வளவு ரப்பர் பால் வெட்டினார்கள், எத்தனை தேங்காய் பறித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று மாசா மாசம் ரிப்போர்ட் போடுவதற்குத்தான். அந்த புரோகிராம் இனாமாக வந்தது. ஆஸ்திரேலியாவில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதி, வரிக்கு வரி ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றினால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். நல்ல மனுஷன்.

ஆனால் ரிப்போர்ட் அச்சடிக்கிற பகுதி மட்டும் வேறு இடத்தில் வாங்கியது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அது பூட்டிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. ஒவ்வொரு ஆளுக்கும் அரைப் பக்கம் காலியாக விட்டு, இரண்டு பக்கத்தில் முடிய வேண்டியதை நாற்பது பக்கத்துக்கு இழுக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு நீயே ஒன்று எழுது என்றார் தவுக்கே. மூன்று தோட்டத்திலும் அலுவலகக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் "புதிய ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும், தீபாவளிக்குள். வாங்கினால் நான் நிரந்தர புரோகிராமர். இல்லாவிட்டால் பழையபடி டைப் மிஷின். இதில் கொடுமை என்னவென்றால், நான் புரோகிராமர் ஆகிவிட்டேன் என்று என் அம்மா ஏற்கனவே எங்கள் சிலிபின் வட்டாரம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பாசார் மீன்காரர்கூட என்னை விசாரித்தார். புரோகிராம் ஓடினால் போதாதா, கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். தவுக்கே பொறுமையாகச் சொன்னார்:

"சரோஜா, கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டா பத்தாதுலா. கிராணி ஒத்துக்கணும். கம்ப்யூட்டருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

உள்ளே எழுதி வைத்தவர்கள்

பத்திரிகையில் வந்ததை யாரோ தட்டெழுதி டிஸ்க்கில் ஏற்றி, அது கை மாறி கை மாறி, பினாங்கு வழியாக எங்களிடம் வந்திருந்தது. வழியில் அதைத் தொட்ட ஒவ்வொருவரும் புரோகிராமுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். நம்மூர் பஸ் இருக்கையின் முதுகைப் படித்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி. ஒருவர் தன் பெயரையும் பெண்டாட்டி பெயரையும் போட்டிருந்தார். இன்னொருவர் முன்னால் தொட்டவரை முட்டாள் என்று எழுதியிருக்க, அடுத்து வந்தவர் இந்த இரண்டு பேரையும் சேர்த்து முட்டாள் என்று எழுதியிருந்தார்.

நான் ஒரு வாரம் அதைப் படித்துப் படித்து, எந்த வரி எதற்கு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்ட நேரத்தில், ரிப்போர்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு வரி. பார்த்தால் ஒன்றும் செய்யாத வரி. எடுத்தேன். பிரிண்டர், திரை, விசைப்பலகை எல்லாம் ஒரே நேரத்தில் மௌன விரதம் இருந்தன. திரும்பப் போட்டேன், ஓடியது. அப்புறம்தான் அந்த வரிக்குப் பக்கத்தில் பினாங்குக்காரர் ஒருவர் எழுதி வைத்திருந்ததைக் கவனித்தேன்:

"இந்த வரி எதற்கென்று எனக்குத் தெரியாது. எடுத்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. அடுத்து வருபவருக்கு என் அனுதாபங்கள்."

குளிர் அறை

முதல் கையெழுத்துக்குப் பாகான் டத்தோ போனோம். தென்னந்தோட்டம். குமரேசன் அண்ணன்தான் வேன் ஓட்டுவார். எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்குச் சோறு என்பது அவருக்கு மனப்பாடம், அதற்குத் தகுந்தபடி பிரிண்டர் பழுதாகும். அங்கே கிராணி ஜோசப் அண்ணன். அந்தத் தோட்டத்திலேயே ஏர்கண்டிஷன் இருந்தது கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான். தோட்ட மேனேஜரான துரையின் அறையில்கூடக் காற்றாடிதான்.

என் புதிய ரிப்போர்ட்டை ஓட்டிக் காட்டினேன். பழையது காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாடுவரை கிரீச் கிரீச்சென்று அடிக்கும். என்னுடையது நாலு நிமிஷம். இரண்டே பக்கம். நான் பெருமையாக நின்றுகொண்டிருக்கிறேன், ஜோசப் அண்ணன் முகம் தொங்கிப்போய்விட்டது. அறையைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மூலையில் ஒரு சாய்வு நாற்காலி. தலையணை. கதவுக்கு வெளியே மாட்ட ஓர் அட்டை, "ரிப்போர்ட் ஓடுகிறது, உள்ளே வராதீர்கள்" என்று மூன்று மொழியில். பழைய புரோகிராம் புண்ணியத்தில் அந்த மனுஷன் வருஷக்கணக்காகக் குளிரில் தூங்கியிருக்கிறார்.

கையெழுத்துக் கேட்டால் இதோ அதோ என்றார். கடைசியில் நான் துரையிடம் போய், புதிய ரிப்போர்ட் வேகமாக ஓடுவதால் மிஷின் ரொம்பச் சூடாகிவிடும், அது ஆற மத்தியானம் ஆகும், அதுவரை கிராணி கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். துரை தலையாட்டினார். இது பொய்தான். எனக்கு வேலை வேண்டும், என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஜோசப் அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"நாலு நிமிஷத்துல முடிஞ்சிருச்சுன்னா, மீதி நேரம் நான் எங்க போய் உக்காருறதுன்னு நெனச்சு அப்படியே ஆடிப்போயிட்டேன் தங்கச்சி."

அஞ்சலையக்காவின் நட்சத்திரம்

இரண்டாவது ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கிராணிக்குப் புதிய ரிப்போர்ட் பிடித்துப்போய்விட்டது, பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அஞ்சலையக்கா அலுவலகத்துக்குள் வந்தார். அந்தத் தோட்டத்திலேயே கெட்டிக்காரப் பால்வெட்டு ஆள். கையில் பால்வாளி, இடுப்பில் கை, கண்ணில் கோபம்.

விஷயம் இதுதான். பழைய புரோகிராமுக்கு மூன்று இலக்கத்துக்கு மேல் எழுதத் தெரியாது. மாசத்துக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் எண்ணை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டுவிடும். அது கோளாறு. ஆனால் ஆயிரத்தைத் தாண்டுகிற ஒரே ஆள் அஞ்சலையக்காதான். ஒன்றும் புரியாத கிராணி, இது ஆஸ்திரேலியாவிலிருந்தே வருகிற பாராட்டு என்று பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அறிவித்து வந்திருக்கிறார். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், ஒவ்வொரு மாசமும் கைதட்டு. அஞ்சலையக்கா அந்தத் தாளைக் கத்தரித்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாராம்.

நான் அவரை உட்கார வைத்து, அக்கா, இது கோளாறு, நான் சரி செய்துவிட்டேன், இனி உங்கள் பாலை லிட்டர் சுத்தமாகக் காட்டும், பாருங்கள் ஆயிரத்துப் பன்னிரண்டு என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ அவருடைய தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது. கிராணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, ஆயிரத்தைத் தாண்டினால் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் விழுகிற மாதிரி எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டாவது கையெழுத்து விழுந்தது. ஒரு கோளாறைத் திரும்ப உட்கார்ந்து கஷ்டப்பட்டு எழுதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அஞ்சலையக்கா அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகவில்லை, போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார்:

"ஆயிரத்துப் பன்னெண்டு நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் வரும்லா. நட்சத்திரம் எனக்கு மட்டுந்தானே வந்துச்சு."

நீளம் காணாது

மூன்றாவது பீடோருக்கு உள்ளே இருந்த தோட்டம். அங்கே பெரிய கிராணி கனகசபை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. அலுவலகப் பென்சிலை வீட்டுக்கு எடுத்துப் போகாதவர் மட்டுமில்லை, தன் வீட்டுப் பென்சிலை அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் அதில் தன் பேரை எழுதி ஒட்டுகிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர்.

இந்த மாதிரி ஆளுக்கு என் ரிப்போர்ட் பிடிக்காமல் போகுமா என்று நினைத்தேன். எண் ஒன்றுகூடத் தப்பில்லை. அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அளவுகோலை எடுத்து, என் இரண்டு பக்கத்தையும் விரித்து, மேலிருந்து கீழ்வரை அளந்தார். ரிப்போர்ட்டை அளவுகோல் வைத்து அளந்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தாளைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்.

"கணக்கு ஒரு பிழையும் இல்லை பிள்ளை. ஆனால் நீளம் காணாது."

கிழித்த குற்றம்

நீளம் காணாதாம், போதாதாம். நான் ஈப்போவுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் குமரேசன் அண்ணனிடம் புலம்பினேன். அவருக்குக் கண் சரியில்லை போல, எழுத்தைப் பெரிசாகப் போடு என்றார் அண்ணன். வரிக்கு வரி இடம் விட்டேன். நாலு பக்கம் வந்தது. இரண்டாம் தடவை போனபோது பெரிய கிராணி அளந்தார், உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் தடவை, ஆட்கள் பால் வெட்டுகிற மர வரிசையான வெட்டு நிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புப் போட்டு ஆறு பக்கம் ஆக்கினேன். அளந்தார். கொஞ்சம் நம்பிக்கை வந்த மாதிரி முகம் இருந்தது, ஆனால் கையெழுத்து வரவில்லை.

அந்தத் தடவை ஒரு மரியாதைக்காக நான் ஒரு வேலை செய்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாள் உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அகலமாக, பச்சைக்கோடு போட்டு, இரண்டு ஓரத்திலும் ஓட்டையோடு, ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டே வரும். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆறு பக்கத்தையும் தனித்தனியாகக் கிழித்து, அழகாக அடுக்கி, மூலையில் கிளிப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். சத்தமே போடாத அந்த மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் பயந்தே போனேன்.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டது, தீபாவளிக்கு இன்னும் மூன்று மாசம்தான். இரண்டு கையெழுத்து வாங்கியவள் ஓர் அளவுகோலிடம் தோற்றுப் போய் டைப் மிஷினுக்குத் திரும்புவதா? என் அம்மா மீன்காரருக்கு என்ன பதில் சொல்வார்? குமரேசன் அண்ணன் பிரிண்டரைப் பார்த்துவிட்டு வந்து, பெரிய கிராணி உள்ளே கிழிந்த தாளைக் கோந்து வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். நான் காதில் வாங்கவில்லை. அவர் எழுந்து நின்று சொன்னதே காதில் சுற்றிக்கொண்டிருந்தது:

"படிச்ச பிள்ளை நீர். தாளை ஆராவது கிழிப்பினமோ?"

பந்தியில் கண்டது

இரண்டு வாரம் கழித்து ஜோசப் அண்ணனின் பிரிண்டரைப் பார்த்துவிட்டுப் பாகான் டத்தோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பிரிண்டருக்கு ஒன்றுமில்லை, அவர் தலையணை உறை காற்றுப் போகிற இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பீடோர் வந்ததும் குமரேசன் அண்ணன் வண்டியைத் திருப்பினார். பெரிய கிராணியின் தோட்டத்தில் ஆடித் திருவிழா, தோட்டத்துக்கே லீவு, அன்னதானம் என்று கேள்விப்பட்டிருந்தார். எனக்கு அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவே மனசில்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போலாம் என்றார். அவர் கும்பிடப் போனது எந்தச் சாமி என்று எனக்குத் தெரியாதா?

கோயில் மண்டபத்தில் நீள நீளமாக மேசை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம், வாழை இலை விழுந்தது, சோறு விழுந்தது. சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே இலையின் ஓரத்தைப் பார்த்தேன். மேசை விரிப்பு. வெள்ளை. அதில் பச்சைக்கோடு. கோட்டுக்கு மேல் எண். எண்ணுக்குப் பக்கத்தில் பேர். என் கை அப்படியே நின்றுவிட்டது. பழைய புரோகிராமின் நாற்பது பக்க ரிப்போர்ட், கிழியாமல், மடிப்புக் கலைத்து, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீட்டாக ஓடுகிறது. முப்பத்தாறு அடி. மேசையும் முப்பத்தாறு அடி. அடுத்த மேசையில் வைகாசி மாசத்து ரிப்போர்ட், அதற்கடுத்ததில் சித்திரை. கடைசி மேசையின் ஓரத்தில் குட்டையாக, ஆறு பக்கம், கோந்து போட்டு ஒட்டியபடி என்னுடையது.

மூன்று வருஷமாக அந்தக் கோயில் பந்திக்கு விரிப்பு இப்படித்தான் வந்திருக்கிறது. துரை பார்த்து முடித்த ரிப்போர்ட்டைப் பெரிய கிராணி கிழியாமல் மடித்துச் சேர்த்து வைப்பார். தைப்பூசம், நவராத்திரி, ஆடி, எல்லாவற்றுக்கும். இரண்டடி ரிப்போர்ட்டை வைத்து அவர் எந்த மேசையை மூடுவார்? வாய்விட்டுச் சொல்லவோ அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இதில் ஒரே தொல்லை, சாப்பிட வருகிறவர்கள் படித்துவிடுகிறார்கள். எனக்கு எதிரே ஒருவர் மச்சான் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, நானூற்றுப் பத்து லிட்டரா, போதும் எழுந்திருடா என்று கேலி செய்ய, மச்சான் அப்பளத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு எழுந்துவிட்டார். அவர்களை அடக்குவதற்குள் இன்னொரு பக்கம் ரசம் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா இரண்டு கையாலும் மேசையை மறைத்துக்கொண்டு பரிமாறுகிறவரிடம் கெஞ்சினார்:

"என் பேரு மேல ரசத்தை ஊத்திடாதீங்க அண்ணே, இந்த மாசந்தான் கொஞ்சம் நல்லா வந்திருக்கு."

எழுதின தாள்தான் குப்பை

மறுநாளே பெரிய கிராணியிடம் போனேன். நேற்றுச் சாப்பாடு நன்றாக இருந்தது ஐயா என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது, பேனாக்களை எடுத்து மறுபடி அடுக்கினார். நான் சுற்றி வளைக்கவில்லை. ரிப்போர்ட் இரண்டு பக்கம்தான் வரும், ஆனால் அதற்குப் பின்னால் முப்பத்தெட்டு வெற்றுத்தாள் தானாக வெளியே வருகிற மாதிரி எழுதித் தருகிறேன், மொத்தம் நாற்பது, உங்கள் மேசைக்குச் சரியாக இருக்கும் என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெற்றுத்தாள் கம்பெனிச் சொத்து, அதில் ஓர் ஓரத்தைக்கூடக் கோயிலுக்கு எடுக்க மாட்டேன் என்றார். எழுதி, படித்து, முடிந்த தாள்தான் குப்பை. குப்பையை எடுக்கலாம், சொத்தை எடுக்க முடியாது. மாரியம்மனே நேரில் வந்து கேட்டாலும் முடியாதாம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் தாள் எப்படியும் வெற்றாகத்தான் போகப்போகிறது, ஆனால் வெற்றாக இருக்கக் கூடாது. பேர் போட்டால் பந்தியில் சண்டை. எண் போட்டாலும் சண்டை. சண்டை வராத மாதிரி என்னத்தை எழுதுவது?

அரை மணி நேரம் அவர் கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஏழே ஏழு வரி எழுதினேன். ரிப்போர்ட் ஓடியது, இரண்டு பக்கம். அதன் பின்னால் ஒவ்வொரு தாளாக, முப்பத்தெட்டுத் தாளிலும், ஓரத்தில் சின்னதாக ஒரே வாசகம்: "ரிப்போர்ட் முடிந்தது." அடுத்த தாள். "ரிப்போர்ட் முடிந்தது." அடுத்த தாள். அப்படியே முப்பத்தெட்டுத் தடவை முடிந்தது. பெரிய கிராணி பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று, முப்பத்தெட்டையும் ஒன்று விடாமல் படித்தார். படிக்காத தாள் குப்பை ஆகாது அல்லவா? அப்புறம் கிழிக்காமல் மடித்தார். அளவுகோலை எடுக்கவேயில்லை. நடுப்பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார், கீழே ஒரு கோடும் இழுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"முப்பத்தெட்டுத் தரம் சொன்னால்தான் சில பேருக்கு விளங்கும் பிள்ளை. வேணும்தான்."

தவுக்கே சொன்னது

மூன்று கையெழுத்தையும் தவுக்கே மேசையில் வைத்தேன். தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. அவர் பீடோர் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். பிரித்துக்கொண்டே போனார். தாள் மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, மாடிப்படியில் இரண்டு படி இறங்கிவிட்டது. தாளை வீணாக்கியதற்குத் திட்டப் போகிறார், வேலை போயிற்று என்று நான் நினைத்தேன். குமரேசன் அண்ணன் மெதுவாக எனக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்.

தவுக்கே கடைசித் தாள்வரை போய், நிமிர்ந்து, தாளை யார் விற்கிறார்கள் என்று கேட்டார். நாம்தான் என்று, கோயில் பந்திக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் என் நிரந்தர வேலைக் கடிதத்தை டைப் அடித்து வரச் சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள், நானேதான் அடித்தேன், டைப் மிஷினில், தப்பில்லாமல். அவர் கையெழுத்துப் போடும்போது கேட்ட ஒரே கேள்வி:

"ஏன் சரோஜா, மத்த ரெண்டு தோட்டத்துலயும் கோயில் இருக்கா?"

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம்

மாற்றினால் ஒரு நகல் அனுப்புங்கள் என்று அந்த வாத்தியார் எழுதியிருந்தாரே. வாங்கித் தின்ற வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? டிஸ்க்கை அட்டையில் வைத்துக் கட்டி அனுப்பினேன். நட்சத்திர வரிக்குப் பக்கத்தில் "எடுக்காதீர்கள், ஓர் அக்கா வருத்தப்படுவார்" என்றும், முப்பத்தெட்டுத் தாள் வரிகளுக்குப் பக்கத்தில் "எதற்கென்று கேட்காதீர்கள், எடுக்காதீர்கள்" என்றும் குறிப்பு எழுதியிருந்தேன். பினாங்குக்காரருக்குப் பிறகு அந்த வரிசையில் என் பேரும் ஏறியதில் எனக்கு ஒரு பெருமை.

ஏழெட்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. அம்மா அந்த வெளிநாட்டுத் தபால்தலையைப் பாசார் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். அந்த மனுஷன் தன் ஊர் மாட்டுப்பண்ணைக்காரர்களின் பால் சங்கத்துக்காகத்தான் முதலில் இந்த புரோகிராமை எழுதினாராம். என்னுடைய ரிப்போர்ட் பழையதைவிட நன்றாக இருக்கிறதென்று அதையே அங்கே போட்டுவிட்டாராம். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்:

"இரண்டு மாசம் ஓடிய பிறகு, முப்பத்தெட்டுத் தாள் எதற்கென்று புரியாமல் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது சங்கத்தில் எல்லோரும் அதைத் திரும்பப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். ஏனென்று கேட்டால் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்."

இத்தனை வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த எத்தனையோ ரிப்போர்ட்டுகளில், முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை எல்லோருக்கும் பயன்பட்டது அந்த ஒன்றுதான், அதிலும் முக்கால்வாசிக்கு மேற்பட்ட தாள்களில் முடிந்தது என்பதைத் தவிர ஒன்றுமே எழுதியிருக்காது.